ஜீபார் காத்திருந்த காற்று

ஓர் ஊரே வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் ஒன்றை, அதே ஊரில் ஒருத்தி மட்டும் வரட்டும் என்று வேண்டிக்கொண்டால் அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியுமா? என் அண்ணி ஜீபாரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வருகிறது. பதில் கிடைத்ததில்லை. அவள் நல்லவள் என்று சொல்லவும் நான் அவசரப்பட மாட்டேன். பிடிவாதக்காரி. கோபம் வந்தால் நாள் கணக்கில் பேசமாட்டாள். ஆனால் என்ன நடந்தது என்று சொல்ல முடியும்.

தல்தீக் கணவாயிலிருந்து அலாய் பக்கம் இறங்கும் சாலை, எங்கள் ஊரான ஆக்-ஜாரில் எங்கள் வீட்டு முன்னால்தான் சமதரைக்கு வருகிறது. வீட்டை அடுத்து சாலைத் தடுப்பு. காற்று கிளம்பினால் அந்தக் கம்பத்தை இறக்குவதும், கணவாய் திறந்தால் ஏற்றுவதும் என் வேலை. கணவாய்க்கு அந்தப் பக்கம், ஓஷ் நகரத்திலிருந்து ஏறும் வழியில் இன்னொரு தடுப்பு. அங்கே தாவ்லெத் இருந்தான். இருவருக்கும் நடுவே பேசிக்கொள்ள ஒரு வயர்லெஸ் பெட்டி. கைப்பேசி எல்லாம் எங்கள் மலைக்கு வராத காலம்.

ஏப்ரலில் புல் தலைகாட்டும். ஆடுகள் குட்டி போடும். எல்லோரும் கனத்த கோட்டைக் கழற்றிவிட்டு, குளிர்காலத்தைத் தாண்டிவிட்டோம் என்று பெருமூச்சு விடும் அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பனிக்காற்று வரும். மேற்கே வானம் செம்புப் பாத்திரத்தின் அடிப்பக்கம் போல நிறம் மாறும். காகங்கள் கணவாயிலிருந்து கூட்டமாகக் கீழே இறங்கும். ஒரு வேளை சமைத்து முடிப்பதற்குள் எதிர்வீடு தெரியாது. அந்த நாட்களுக்கு எங்கள் ஆட்கள் 'ஐந்து விருந்தாளி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி, கோட்டில்லாமல் பக்கத்து ஊருக்கு விருந்துக்குக் கிளம்பிய ஐந்து பேர் பனி உருகிய பிறகுதான் கிடைத்தார்களாம்.

என் அண்ணன் எர்கேஷ் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனபோது, வழக்கப்படி வாசலில் நின்று ஒரு ரொட்டியை ஒரு கடி கடித்தான். மீதியை ஜீபார் துணியில் கட்டிச் சுவரில் ஆணியில் மாட்டினாள். வீட்டு ஆண்பிள்ளை தூரம் போனால் அப்படித்தான். அவன் கடித்த ரொட்டி அவனுக்காகக் காத்திருக்கும். திரும்பி வந்து அவன்தான் அதை எடுத்துத் தின்று முடிக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது. அண்ணன் சாரத்திலிருந்து விழுந்தான் என்று செய்தி வந்தது. வருடச் சடங்கு முடிந்ததும் அம்மா அந்த ரொட்டியைப் பொடித்து மலையில் பறவைகளுக்குப் போட்டுவிட்டு வந்தாள். ஆணி சுவரிலேயே இருந்தது.

ஜீபாருக்குக் குழந்தை இல்லை. அவளைக் கூட்டிப்போக அவள் அப்பா வந்தார். "அத்தைக்கு இடுப்பு முடியல. வறட்டி யார் அடுக்குவா?" என்று கேட்டாள். அவர் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புகுந்த வீட்டு ஆண்களின் பெயரைப் பெண்கள் சொல்வதில்லை, ஏதாவது பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்கள். நான் அப்போது ஒல்லியாக நெடுநெடுவென்று இருந்தேன். 'கம்பி' என்று வைத்துவிட்டாள். பிறகு எனக்குக் கம்பம் இறக்கும் வேலையே கிடைத்தது. "பேரு வச்சது நான், சம்பளம் வாங்குறது நீ" என்பாள்.

சாபீர் முதலில் வந்தது அப்படி ஒரு ஏப்ரல் காற்றில்தான். முர்காபில் மாவு மூட்டைகளை இறக்கிவிட்டு ஓஷுக்குத் திரும்பிய லாரி ஓட்டுநர் அவன், வண்டி சிவப்பு. நான் தடுப்பை இறக்கிவிட்டேன், மேலே போக வழியில்லை. ஐந்தாறு ஓட்டுநர்கள் எங்கள் வீட்டில் ஒதுங்கினார்கள். இப்படி ஒதுங்குகிறவர்களிடம் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கே தெரியாது.

அன்று ஒரு தாய் ஆடு தன் குட்டியை ஏற்க மறுத்துவிட்டது. முகர்ந்து பார்த்து எட்டி உதைத்தது. அடுப்புக்குப் பின்னால் அதைக் கட்டிவைத்து, ஜீபார் அதன் காதருகே உட்கார்ந்து பாடினாள். ஆட்டின் மனம் இளக எங்கள் பெண்கள் பாடும் பாட்டு. வார்த்தையே இருக்காது, இழுவைதான். சாபீர் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கே மனசு இளகிடுச்சு. இது இன்னும் முறைக்குதே" என்றான்.

"உங்களுக்காகவா பாடுறேன்? தலைய ஒழுங்கா பிடிங்க."

"பிடிச்சிருக்கேன். பாட்ட நிறுத்தாதீங்க, நிறுத்தினா என்னைத்தான் உதைக்கும்."

குட்டி பால் குடிக்கத் தொடங்கியபோது வெளியே காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் கவனித்தேன். என் அம்மா பாத்மா வேறொன்றைக் கவனித்திருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது.

அவன் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஓஷில் ஒரு சின்ன வீடு, வாசலில் வாதுமை மரங்கள். இதெல்லாம் அவன் சொன்னது. சாலை திறந்ததும் போய்விட்டான். கோடை முழுக்க எங்கள் வழியாகத்தான் போனான், வந்தான். வீட்டைத் தாண்டும்போது ஒரு முறை ஹாரன் அடிப்பான். நிறுத்தமாட்டான். நிறுத்தமுடியாது. கணவனை இழந்தவள் வீட்டு வாசலில் வெயிலில் ஒரு லாரி நின்றால் ஊருக்குப் பேச்சு. பனியில் நின்றால் அது மனிதக் கடமை.

அடுத்த வசந்தத்திலும் காற்று வந்தது. அவனும் மாட்டிக்கொண்டான். இந்த முறை வேண்டுமென்றே மாட்டிக்கொண்டானா என்று நான் கேட்டதில்லை. செம்பு நிறம் ஏறிய வானத்தைப் பார்த்த பிறகும் கணவாய்ப் பக்கம் வந்தவன் அவன் ஒருவன்தான். காற்று அடங்கிய விடியலில் கிளம்பினான். மேலே இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ஜீபார் ரொட்டியை நீட்டினாள், வழியனுப்பும்போது யாருக்கும் நீட்டுவதுதான். ஒரு துண்டு பிட்டுக்கொள்வார்கள். இவன் கை கிரீஸ். கை படாமல் குனிந்து அப்படியே ஒரு கடி கடித்தான். ஓடிப்போய் லாரியில் ஏறிவிட்டான்.

மாலையில் அம்மாதான் பார்த்தாள். ஆணியில் துணிமூட்டை.

"ஜீபார், அது என்னது?"

ஜீபார் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. அவள் அதைத் தெரிந்து செய்யவில்லை என்று நான் நம்புகிறேன். கடிபட்ட ரொட்டி கையில் இருந்தது, கால் பழகிய இடத்துக்குப் போயிருக்கிறது, கை பழகியதைச் செய்திருக்கிறது.

"தெரியாம மாட்டிட்டேன், அத்தை."

"தெரியாம மாட்டுற இடமா அது? என் பிள்ளை ரொட்டி தொங்கின இடம்."

"எடுத்துடவா?"

அம்மாவால் எடுக்கச் சொல்ல முடியாது. போனவன் திரும்பாமல் அவன் ரொட்டியை எடுப்பது, அவன் திரும்பவே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். அவனோ கணவாயில் இருந்தான், மேலே பனி புகைந்துகொண்டிருந்தது. எந்தக் கோபத்திலும் ஒரு தாய் அதைச் செய்யமாட்டாள்.

"இருக்கட்டும்" என்றாள். "தொலையட்டும். வந்து தின்னுட்டுப் போகட்டும்."

ஆனால் அவன் வர, காற்று வர வேண்டுமே.

அந்த வருடம் முழுக்க ரொட்டி தொங்கியது. வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள், ஓட்டுநர்கள் வாய்வழியாகச் சேதி கணவாயையும் தாண்டியிருக்கும். பக்கத்து வீட்டு மாம்பெத் டீ குடிக்க வந்தால் ஆணியைப் பார்த்துக்கொண்டே குடிப்பார்.

"கம்பி, உங்க வீட்டுல யாருப்பா ஊருக்குப் போயிருக்காங்க?"

"யாரும் போகல மாமா."

"அப்ப ரொட்டிதான் எங்கயாவது கிளம்பப் போகுதா?"

என் மனைவி ஆசியா சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடுவாள். ஜீபார் அவருக்கு மட்டும் உப்பை அள்ளிப்போட்டு டீ ஊற்றுவாள்.

அந்த நாட்களில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் 'சாபீர்' என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தவள் இப்போது சொல்வதில்லை. 'அந்தச் சிவப்பு வண்டி' என்றாள். அம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். அம்மாவும் பெண்தானே, தன் காலத்தில் எத்தனை பெயர்களை வாயில் வராமல் விழுங்கியவள்.

அதற்கடுத்த வசந்தம் மாதிரி ஒரு வசந்தத்தை எங்கள் ஊர் பார்த்ததில்லை. காற்றே இல்லை. ஒரு குட்டி சாகவில்லை. ஆடுகள் இரண்டிரண்டாகப் போட்டன. ஊர் சேர்ந்து ஆடு அறுத்துப் பகிர்ந்து தின்றது. ஜீபார் தினமும் காலையில் என்னிடம் வந்து நிற்பாள்.

"தம்பி, மேற்க எப்படி இருக்கு?"

"வெள்ளையா, சுத்தமா இருக்கு அண்ணி."

"நாளைக்கு?"

"நாளைக்கும் அப்படித்தான்னு ரேடியோல சொன்னான்."

"ரேடியோக்காரன் என்னைக்கு உண்மை சொல்லியிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போவாள். எல்லோரும் நல்ல செய்தி என்று கேட்டுக்கொள்வதை அவள் வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டாள். சிவப்பு லாரி போனது. ஹாரன் அடித்தது. அந்த ஹாரனுக்கு அவள் வாசலுக்கு வரமாட்டாள். கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, சத்தம் தேயும்வரை அப்படியே நிற்பாள். பிறகு வேலையைத் தொடர்வாள். அந்த வருடம் அவள் மெலிந்துபோனாள். நல்ல வருடம் என்று எல்லோரும் சொன்ன வருடத்தில்.

நான் பல நேரம் யோசித்திருக்கிறேன். ஏங்குகிறவர்களுக்கு உலகம் தலைகீழாகத் தெரியும் என்பது சரிதான். ஆனால் அவள் உலகத்தைத் தலைகீழாகப் பார்க்கவில்லை. காற்று என்ன செய்யும் என்று அவளுக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். விறைத்த குட்டிகளை மடியில் வைத்து ஊதிப்பார்த்தவள் அவள்தான். தெரிந்துகொண்டே வேண்டினாள். எனக்குப் புரியாதது அதுதான்.

மறுவருடம் காற்று வந்தது. மதியம் வானம் செம்பானது. காகங்கள் இறங்கின. நான் வயர்லெஸ்ஸில் தாவ்லெத்தைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் தடுப்பை இறக்கச் சொன்னேன். வீட்டுக்குள் போனால் ஜீபார் பெட்டியில் பூட்டி வைத்திருந்த பச்சைத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலேயே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவள் நிமிர்ந்தாள். சிவப்பு லாரி வரவில்லை.

காற்று உச்சத்தில் இருந்தபோது மாம்பெத்தின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். அவர்கள் மந்தை மேட்டில் மாட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்து நடந்து பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். "எல்லாம் போச்சு, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா கெடக்கு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜீபார் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து அடுக்களைப் பக்கம் போனவள், திரும்பி வரும்போது பச்சைத் துணி தலையில் இல்லை. வீட்டுக்கு எப்போதும் கட்டும் சாயம்போன துணி இருந்தது. அதன்பிறகு கதவு திறந்தபோது அவள் நிமிரவில்லை.

இரண்டாம் நாள் என் அறைக்கு வந்தாள். வயர்லெஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, அந்தப் பக்கம் யாராரு நிக்கிறாங்கன்னு கேக்க முடியுமா?"

"நெறைய வண்டி நிக்கும் அண்ணி. யாரைக் கேக்கணும்?"

"சிவப்பு வண்டி."

"சிவப்பு வண்டி பத்து இருக்கும். பேர் சொல்லுங்க."

"உனக்குத் தெரியும்."

"தெரியும். உங்க வாயால சொல்லுங்க, கேக்குறேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் விளையாட்டு இல்லை. "கணவாய் மேல இருக்காங்களா, கீழ இருக்காங்களா, அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள். தடுப்பை இறக்கும் முன்னே ஏறிவிட்டவர்கள் நடுவில் மாட்டியிருக்கலாம். அது எனக்கு அதுவரை தோன்றவில்லை. நான் பெட்டியைத் திருகினேன்.

"தாவ்லெத், ஓஷ் சாபீர் அங்க இருக்கானா?"

இரைச்சல். பிறகு தாவ்லெத்தின் குரல். "இருக்கான், இருக்கான். என் அடுப்பைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்து என் டீ எல்லாத்தையும் காலி பண்றான். ஒரு விஷயம் கேக்கச் சொல்றான். ரொட்டி பூஞ்சை பிடிச்சிருச்சான்னு."

அந்த வயர்லெஸ்ஸைக் கணவாயின் இரு பக்கமும் சாலைக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். யாரோ சிரிப்பது இரைச்சலோடு வந்தது. ஜீபார் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"காஞ்சுதான் போயிருக்குன்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன்.

ஊரில் இனி யாருக்கும் தெரியாமல் இருக்க எதுவும் இல்லை. சாலை திறந்த அன்று கண்கூசும் வெயில். சிவப்பு லாரி இறங்கி வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் வாசலில் நின்றது.

சாபீர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். அம்மா அவனை உட்காரச் சொன்னாள். எழுந்து போய் ஆணியிலிருந்து மூட்டையை எடுக்காமல், அதைக் கைகாட்டினாள்.

"உன்னுதுதானே? எடு."

அவன் எடுத்து, உப்புப்போட்ட பால் டீயில் ஊறவைத்து, ஒரு பொடி மிச்சமில்லாமல் தின்றான். நேரமெடுத்தது. ஜீபார் அந்த அறையில் இல்லை.

"அம்மா, நான் கேக்க வந்தது..." என்று ஆரம்பித்தான்.

"எனக்குக் கண்ணு இருக்கு" என்றாள் அம்மா. "உன் வண்டி வெயில்ல நிக்குது, ஊரே பாக்குது. இனிமே நீ கேக்காம போனாத்தான் எனக்கு அசிங்கம்." கொஞ்சம் நிறுத்தி, "அவள நல்லா வச்சுக்குவியா? கோவம் வந்தா பேசமாட்டா. முன்னாடியே சொல்லிடுறேன்" என்றாள்.

"எவ்வளவு நாள் பேசமாட்டாங்க?"

"அது உன் யோகம்."

மருமகளாக வந்தவளை மகளாகவே அனுப்பிவைத்தாள் அம்மா. கம்பளி விரிப்பு, மெத்தைகள், ஒரு பெட்டி. லாரியில் ஏறும் முன் ஜீபார் அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் தடுப்பை ஏற்றினேன். "போய்ட்டு வரேன் கம்பி" என்றாள். என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஓஷில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சின்ன வீடுதான். சாபீர் லாரியை விற்றுவிட்டுப் பக்கத்திலேயே பழுது பார்க்கும் கடை போட்டிருந்தான். ஒவ்வொரு மாலையும் வீட்டில் இருந்தான். சதா பேசினான், அவள் சிரித்தாள். உடம்பு தேறியிருந்தாள். அவனை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, 'கடைக்காரர்' என்றாள். வேண்டியது கிடைத்துவிட்டது என்று யாரைப் பார்த்தாவது சொல்லலாம் என்றால் அது அவளைப் பார்த்துத்தான்.

"இங்க காத்தே அடிக்காது தம்பி" என்றாள். குறையாகச் சொன்னாளா, பெருமையாகவா என்று தெரியவில்லை.

அடுத்த ஏப்ரலில் அவர்கள் வீட்டு வாதுமை மரங்கள் பூத்துக்கிடந்த நாட்களில், ஓஷ் வானொலியில் எங்கள் மலைக்குக் காற்று எச்சரிக்கை சொன்னார்கள். ஆக்-ஜாரில் வானம் நிறம் மாறிவிட்டது. தாவ்லெத் கீழே தடுப்பை இறக்கிவிட்டதாகச் சொன்னான், ஆனால் கடைசியாக ஒரு சின்ன வேன் முன்பே ஏறிவிட்டது, பார்த்துக்கொள் என்றான். நான் கம்பத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேன் இறங்கி வந்தது. கதவு திறந்து ஜீபார் இறங்கினாள். கையில் ஒரு சின்னப் பை.

"என்ன அண்ணி? ஏதாவது சண்டையா?"

"இல்ல."

"அவருக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கார். மதியச் சாப்பாடு வச்சுட்டுத்தான் வந்தேன்."

"தெரியுமா அவருக்கு, நீங்க வந்தது?"

"வேன் ஏத்திவிட்டதே அவர்தான்."

"அப்புறம் எதுக்கு? இப்ப நான் இறக்கினா திறக்க எத்தனை நாளாகும்னு எனக்கே தெரியாது. அவர் அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம்."

காற்று அவள் தலைத்துணியை இழுத்தது. பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். கணவாயைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஏற்கெனவே ஒன்றும் தெரியவில்லை.

"இறக்கு தம்பி" என்றாள்.

இறக்கினேன். அவள் வீட்டுக்குள் போனாள். காற்று அடித்த நாட்களில் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் பழையபடி நிமிர்ந்தாள். சாலை திறந்த அன்று முதல் வண்டியில் ஓஷுக்குத் திரும்பினாள். அதற்கடுத்த வசந்தத்திலும் வந்தாள், அதற்கடுத்ததிலும். சாபீர் அவளிடம் காரணம் கேட்டதில்லை என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னான். நான் ஒருமுறை திரும்பக் கேட்டுப்பார்த்தேன். அவள் எனக்கு உப்பை அள்ளிப்போட்டு டீ ஊற்றினாள்.